ஒரு வாளி வெந்நீரின் ஆயுட்கணக்கு

அக்டோபர் 6, செவ்வாய்

இந்தக் கட்டடத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. இருபது வருஷம் உழைக்கப்போகிற சோலார் ஹீட்டருக்கு எண்பது வயதுக்காரி எதற்குக் காசு போட வேண்டும் என்று ரெஜினாம்மா முரண்டு பிடிக்கிறாராம். இதில் இரண்டு பிழைகள் உள்ளன. எனக்கு எண்பது அல்ல. எழுபத்தெட்டு, அதுவும் வருகிற ஜனவரியில்தான். இரண்டாவது, நான் முரண்டு பிடிக்கவில்லை. கணக்கு தவறு என்று சொன்னேன். தவறான கணக்கின் கீழ் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னேன். அவ்வளவுதான்.

நடந்தது இது. மொட்டை மாடியில் எட்டு வீட்டுக்கும் பொதுவாக இரண்டு வெந்நீர்த் தொட்டிகள் உண்டு. பதினான்கு வருடத்துக்கு முன்னால் என் கணவர் அருளப்பன் சங்கச் செயலாளராக இருந்தபோது வைத்தவை. ஆகஸ்டில் ஒன்று துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. மற்றது பாதி உயிரோடு இருக்கிறது. இரண்டையும் தூக்கிவிட்டுப் புதிது வைக்க, வீட்டுக்கு முப்பதாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கம்பெனியிலிருந்து கவின்ராஜ் என்ற பிள்ளை வந்து ஒரு தாள் கொடுத்தான். ‘ஒரு வாளி வெந்நீர், முப்பத்தொரு காசு’ என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தது.

எப்படி வந்தது அந்த முப்பத்தொரு காசு என்று கேட்டேன். ஹீட்டரின் விலையை, அது இருபது வருடத்தில் காய்ச்சும் வாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தார்களாம். பழுதுபார்க்கும் செலவு எங்கே என்றேன். “பழுதே ஆகாதுங்க மேடம்” என்றான். மேலே ஓட்டைத் தொட்டிக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தோம்.

முப்பத்தொரு வருடம் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். முகவர்கள் ‘இருபது வருடம்’ என்று எழுதிக்கொண்டு வரும்போது ‘யாருக்கு?’ என்று கேட்பதுதான் என் மேசையின் வேலை. கடைசியில் செயலாளர் சென்னியப்பன் எழுந்து, “அம்மாவே ஒரு கணக்குப் போட்டுக் குடுக்கட்டுமுங்க. தீபாவளி கழிச்சு முடிவு பண்ணிக்கலாம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

அக்டோபர் 7, புதன்

வாளியின் சூட்டை அளக்க வேண்டும். வீட்டில் இருந்த காய்ச்சல் தெர்மாமீட்டர் நாற்பத்திரண்டு டிகிரிக்கு மேல் போகாது. மனிதன் அதற்கு மேல் போனால் அளந்து பயனில்லை என்று விட்டிருப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு ஜாம் காய்ச்சும் நீளத் தெர்மாமீட்டரைப் பரணிலிருந்து எடுத்தேன். நாற்காலிமேல் ஏறியதை என் மகன் பெனியிடம் சொல்லத் தேவையில்லை.

அக்டோபர் 9, வெள்ளி

காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு வீடாகப் போனேன். கம்பெனித் தாளில் எல்லா நாளும் ஒரே நாள். கம்பெனிக்காரர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க மாட்டார்கள் போலும். இங்கே செவ்வாய், வெள்ளி பெண்கள்; புதன், சனி ஆண்கள். அந்த நாட்களில் ஒரு தலைக்கு மூன்று வாளி போகிறது. மற்ற நாட்களில் பல வீட்டில் ஒன்றுகூடப் போவதில்லை.

எதிர்வீட்டு வாசுகி சீயக்காய்க் கிண்ணத்தோடு கதவைத் திறந்தாள். வங்கியில் வேலை செய்கிறவள், விவரமான பெண். ஆனால் சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாது.

“என்னங்கம்மா, கைல கம்பி?”

“தெர்மாமீட்டர். உன் வாளியை ஒரு நிமிஷம் காட்டு.”

“என்ற மாமியா உள்ள குளிச்சிட்டிருக்காங்ளே.”

“வாளியைத்தான் பார்க்க வேண்டும். அவர்களை அல்ல.”

உள்ளிருந்து அவள் மாமியார் பொன்னாத்தாளின் குரல் வந்தது. “யாரு, அந்த டீச்சரம்மாளா? தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்குதுன்னு எழுதிக்கச் சொல்லு. கதவத் தொறக்க மாட்டேன்.”

நான் ஆசிரியை அல்ல என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து தெளிவுபடுத்தினேன். ‘வெதுவெது’ என்பது அளவல்ல என்றும் சொன்னேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

அக்டோபர் 10, சனி

நான் அடுத்தவர் குளிப்பதை எண்ணுகிறேன் என்று இப்போது பேச்சு. இதுவும் தவறு. வாளிகளை எண்ணுகிறேன்.

சென்னியப்பன் மூன்றாம் மாடியில் இருக்கிறார். மோட்டார் பம்ப் வியாபாரம் செய்து ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர். தலையில் எண்ணெயோடு வந்து கதவைத் திறந்தார். அவர் வீட்டில் குழாயைத் திருப்பியதும் வெந்நீர், ஐம்பத்திரண்டு டிகிரி. என் வீடு தரைத்தளம். மூன்று மாடிக் குழாயில் இரவெல்லாம் ஆறிக்கிடந்த தண்ணீர் முழுதும் வெளியேறிய பிறகுதான் எனக்கு வெந்நீர் வரும். அதற்குள் மேலே உள்ளவர்கள் தொட்டியைக் காலி செய்துவிடுகிறார்கள்.

“கம்பெனி கணக்கு உங்கள் வீட்டுக் குழாயடியில் நின்று போட்டது, சென்னியப்பன். சூடு தொட்டியில் எவ்வளவு என்பது எனக்கு எதற்கு? வாளியில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.”

“அதுக்குத்தானுங்க நான் மேல வூடு வாங்குனது” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்ப நீங்க எப்பிடிங்கம்மா குளிக்கறீங்க?” என்றார்.

எனக்குப் பச்சைத் தண்ணீர்தான் பிடிக்கும் என்றேன். கான்வென்ட் விடுதியில் மார்கழியிலும் பச்சைத் தண்ணீர்தான். கன்னியாஸ்திரீகள் அதை மனஉறுதி என்பார்கள். விறகு மிச்சம் என்பது எங்களுக்குத் தெரியும்.

அக்டோபர் 12, திங்கள்

லேசாகத் தொண்டைக் கட்டு. வானிலை காரணம்.

அக்டோபர் 15, வியாழன்

கவின்ராஜைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஏப்ரல், மே மாதங்களின் வெந்நீரையும் கணக்கில் சேர்த்திருக்கிறாய், கோவையில் சித்திரை வெயிலில் எவன் வெந்நீரில் குளிப்பான் என்று கேட்டேன்.

“ஹீட்டர் காய்ச்சுதுங்களே மேடம்.”

“காய்ச்சினால் போதாது, தம்பி. எவனாவது குளிக்க வேண்டும். யாரும் சாப்பிடாத இட்லியை ஓட்டல்காரன் வரவில் எழுதுவானா?”

அடுத்து, இன்றைய வாளியும் பதினெட்டாம் வருடத்து வாளியும் சமமல்ல என்று விளக்கினேன். இன்று கையில் இருக்கும் ரூபாயை வங்கியில் போட்டால் வளரும். ஆகவே பின்னால் வரும் செலவையும், பின்னால் வரும் வெந்நீரையும், வருடத்துக்கு ஏழு சதவீதம் தள்ளித்தான் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு மொத்தச் செலவை மொத்த வாளிகளால் வகுத்தால் ஒரு வாளியின் உண்மையான விலை தெரியும்.

“வெந்நி எப்பவும் வெந்நிதானுங்களே மேடம்?”

இவனுக்கு இன்னும் ஆயுள் காப்பீடு யாரும் விற்கவில்லை.

அக்டோபர் 18, ஞாயிறு

பூசைக்குப் பிறகு மகன் பெனடிக்ட் பெங்களூரிலிருந்து பேசினான். பொன்மாலை முதியோர் குடியிருப்பின் புத்தகம் வந்ததா என்று கேட்டான். வந்தது. வழவழப்பான தாள். அட்டையில் ஒரு வெள்ளைத்தலைத் தம்பதி காரணமில்லாமல் சிரிக்கிறார்கள். நவம்பர் முப்பதுக்குள் முன்பணம் கட்டினால் தோட்டத்தைப் பார்த்த அறை கிடைக்குமாம்.

“யோசிச்சீங்களாம்மா? தனியா இருக்கீங்கன்னு எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. அங்க டாக்டர் இருக்காங்க, சாப்பாடு வந்துரும், இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர்.”

“எதில் காய்ச்சுகிறார்கள்?”

“என்னதும்மா?”

“வெந்நீர். சோலாரா, மின்சாரமா, விறகா? வாளி என்ன விலை விழும்? புத்தகத்தில் இல்லை.”

அவன் பெருமூச்சு விட்டான். அவன் அப்பாவும் இப்படித்தான், முதலில் மூக்கு வழியாக விட்டுவிட்டுப் பிறகு பேசுவார். கட்டடத்தின் பொறுப்பு ஒன்று கையில் இருக்கிறது, கணக்கு முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்றேன். எப்போது முடியும் என்றான். இன்னும் நான்கு வீட்டில் குளிர்கால அளவு எடுக்க வேண்டும் என்றேன். அது உண்மைதான். எடுக்கலாம்.

அக்டோபர் 24, சனி

விடை வந்துவிட்டது.

எட்டு வீடும் உண்மையில் குளிக்கும் வெந்நீரை வைத்து, பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்து, இருபது வருடத்துக்குக் கணக்கிட்டால் சோலாரில் ஒரு வாளி இரண்டு ரூபாய் இருபது காசு. மின்சாரக் கீசரில் இரண்டு ரூபாய் எண்பது. முப்பத்தொரு காசு என்பது கம்பெனியின் விளம்பரக் கனவு. ஆனாலும் வெல்வது சோலார்தான். கட்டடம் வாங்கலாம்.

காப்பி குடித்துவிட்டு, பழைய அலுவலகப் பழக்கத்தில், பங்குதாரர்களில் ஒருவருக்கு மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். பெண், வயது எழுபத்தெட்டு. ஆயுள் அட்டவணை அவருக்குத் தாராளமாகவே எட்டு வருடம் தருகிறது. இருபதுக்குப் பதில் எட்டு என்று போட்டால் வாளி மூன்று ரூபாய் நாற்பத்தைந்து காசு. அந்தப் பெண்மணி கீசர் வாங்குவதே புத்திசாலித்தனம். சோலாரில் போட்ட பணம் அவருக்குத் திரும்ப வேண்டுமானால் பன்னிரண்டு வருடம் ஆக வேண்டும். தொண்ணூறு வயது.

இந்தப் பகுதி கூட்டத்துக்குத் தேவையில்லை. தாளை மடித்து எங்கோ வைத்தேன்.

பழைய ஹீட்டர் வைத்த அன்று, கம்பெனிக்காரன் பதினைந்து வருடம் உத்தரவாதம் என்றபோது, என் கணவர் “நல்லதாப் போச்சு, எனக்கும் அவ்வளவுதான்” என்று சொல்லிச் சிரித்தார். ஹீட்டர் பதினான்கு வருடம் இருந்தது. இவர் ஒன்பது. இரண்டு மதிப்பீடும் தவறு.

அக்டோபர் 25, ஞாயிறு

சென்னியப்பன் ஒரு சீப்பு பூவன்பழத்தோடு வந்தார். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். நல்ல செய்தி கொண்டுவருபவர்கள் சாய்ந்து உட்காருவார்கள்.

“ஏழு வூட்டுக்காரங்களும் பேசிக்கிட்டமுங்கம்மா. நீங்க காசு போட வேண்டாமுங்க. உங்க பங்க நாங்க பாத்துக்கறோம். லைன் மட்டும் உங்களுக்கும் இழுத்து வுட்டர்றோம். பெரியவங்க… இருக்கிற வரைக்கும் சுடுதண்ணில குளிச்சா எங்களுக்குச் சந்தோசமுங்க.”

இருக்கிற வரைக்கும்.

“சென்னியப்பன், உங்களுக்கு என்ன வயது?”

“எழுவத்திமூணுங்க.”

“சர்க்கரை உண்டா?”

“இருக்குதுங்க.”

“ரத்த அழுத்தம்?”

“அதும் கொஞ்சமுங்க.”

“அட்டவணைப்படி உங்களுக்கும் எனக்கும் அதிக வித்தியாசம் இல்லை. பெண்கள் கூடுதலாக இருப்பார்கள். உங்கள் பங்கை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?”

அவர் பழத்தைப் பார்த்தார். பழத்தை வாங்கிக்கொண்டேன், சலுகையைத் திருப்பி அனுப்பினேன். படியேறும்போது, “ஒரு நல்லது பண்ண வுடமாட்டாங்க” என்று முணுமுணுத்தது கேட்டது. இந்தக் கட்டடத்தில் எல்லாம் கேட்கும்.

அக்டோபர் 29, வியாழன்

இருமல். வாசுகி மிளகு ரசம் கொண்டுவந்தாள். உப்பு அதிகம். முழுதும் குடித்தேன், பாத்திரத்தை உடனே திருப்பித் தர வேண்டியிருந்ததால்.

நவம்பர் 4, புதன்

மூன்று நாளாக மழை. சூரியன் என்ற ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. தொட்டியில் முப்பத்தொன்பது டிகிரி என்று சென்னியப்பன் கைப்பேசியில் செய்தி அனுப்பினார். நான் கேட்கவில்லை, அவராகவே அளக்க ஆரம்பித்திருக்கிறார். எதில் அளந்தார் என்று கேட்டேன். விரலில் என்றார்.

நவம்பர் 7, சனி

நாளை தீபாவளி. மழை நிற்கவில்லை. சனிக்கிழமை ஆதலால் ஆண்களின் எண்ணெய்க் குளியல் காலையிலேயே தொட்டியில் பாதியைத் தின்றுவிட்டது.

கம்பெனித் தாளிலும் என் தாளிலும் இல்லாத ஒன்றை இன்று மாலை வாசுகி வீட்டில் பார்த்தேன். தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் இவர்கள் குளியலறையைக் கழுவி, அண்டா, குடம், தவலை எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி, மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். நீர் நிரப்புவது என்று பெயர். அழகான வழக்கம். தவறு என்னவென்றால், தண்ணீரை வெந்நீர்க் குழாயிலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எதற்கு இதில் பிடிக்கிறாய்?”

“காலைல எல்லாரும் ஒரே நேரத்துல தொறப்பாங்கம்மா. நமக்குக் கெடைக்காது. இப்பவே புடிச்சு மூடி வெச்சுட்டா வேல முடிஞ்சுதுல்ல?” தன் சாமர்த்தியத்தில் அவளுக்கே பெருமை.

“விடிவதற்குள் ஆறிவிடும்.”

“மூடி போட்டிருக்கேனுங்க.”

படியடியில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். எட்டில் ஏழு வீட்டிலும் அண்டா நிரம்பும் சத்தம். எல்லோருக்கும் அதே சாமர்த்தியம். தொட்டி காலியாகி, அந்த இடத்தில் மழைத் தண்ணீர்போல் சில்லென்ற தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாடி ஏறிப் போய், வெந்நீர் வால்வை உடனே மூடச் சொன்னேன்.

சென்னியப்பன் திகைத்துப்போனார். “நீர் நெரப்பற அன்னிக்கு வால்வ மூடறதுங்களா? செயலாளர் வேலையே வேண்டாமுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிரணுமுங்க.” அவர் தோளுக்குப் பின்னால் குளியலறை தெரிந்தது. அவருடைய அண்டாவும் நிரம்பிக்கொண்டிருந்தது.

படியிறங்க முழங்கால் கொஞ்சம் மறுத்தது. கிறிஸ்துமஸ் பிரியாணிக்கான இரண்டு அண்டாக்களையும் கழுவி வைத்தேன். நாளை முதல் பூசைக்குப் போக வேண்டும், சீக்கிரம் குளிக்க வேண்டும். ஒரு ஆளுக்கு இரண்டு அண்டா எதற்கு என்றால், எரிவாயுவில் ஒரு வாளி என்ன விலை விழும் என்று இதுவரை அளக்கவில்லை. அளந்துவிடலாம்.

நவம்பர் 8, ஞாயிறு

நாற்பது பக்கம் எழுதலாம். சுருக்கமாக எழுதுகிறேன்.

விடியலுக்கு வெகு முன்பே அடுப்பின் இரண்டு பக்கமும் அண்டா ஏற்றினேன். தண்ணீர் கொதி வரும்போது மேலே முதல் சத்தம் கேட்டது, பச்சைத் தண்ணீரில் கைவிட்ட மனிதனின் சத்தம். பிறகு இன்னொரு மாடியில். பிறகு வரிசையாக. மூடி போட்ட அண்டாக்கள் எல்லாம் ஆறிப்போயிருந்தன. தொட்டியிலும் ஒன்றுமில்லை. அடுத்து எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அடுத்த சாமர்த்தியம் தோன்றியிருக்கிறது. ஏழு வீட்டிலும் தண்ணீர் காய்ச்சும் கம்பியை மின்சாரத்தில் செருகினார்கள். கட்டடத்தின் ஃப்யூஸ் போனது. இருட்டு.

கோயில் மெழுகுவத்தி இரண்டை ஏற்றிக் கதவைத் திறந்தேன். சென்னியப்பன் டார்ச்சோடு படியில் நின்றார். இடுப்பில் துண்டு, தலையிலிருந்து நல்லெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

“தீபாவளி வாழ்த்துக்களுங்கம்மா.”

“வாழ்த்துகள். தண்ணீர் எத்தனை டிகிரி?”

“சொல்லோணுமுங்களா?”

அவருக்குப் பின்னால் படி முழுக்க எண்ணெய்த் தலைகள். அவரவர் அடுப்பில் அவரவர் பாத்திரம் ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வீட்டில் ஐந்து தலை, ஒரு அடுப்பு, விடிவதற்குள் குளித்தாக வேண்டும். என்னிடம் கொதிக்கும் அண்டா இரண்டு இருப்பதை வாசுகி நீராவி வாசனையில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள்.

நாற்காலிகளில் செய்தித்தாள் விரித்தேன். முதலில் முதியவர்கள், பிறகு குழந்தைகள், ஆளுக்கு ஒரு வாளி, நாற்பது டிகிரி, அதற்கு மேல் கேட்பவர்கள் கடைசிக்குப் போக வேண்டும் என்று விதியைச் சொன்னேன். கொதிநீரோடு குளிர்நீர் கலந்து, தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, சரியாக நாற்பது வந்ததும் கொடுத்தேன். பொன்னாத்தாள் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது.

“ஏ அம்மிணி, கண்ணு எரியுது. அந்தக் கருமாந்தரம் புடிச்ச கம்பிய அக்கட்டால வெச்சுப்போட்டுத் தண்ணியக் குடு.”

“முப்பத்தெட்டுதான் வந்திருக்கிறது.”

“நாப்பது வாரக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்.”

இந்தக் கட்டடத்தில் என்னைச் சின்னப் பெண்போல அம்மிணி என்று கூப்பிட வயதுள்ளவர் அவர் ஒருவர்தான். முப்பத்தெட்டிலேயே கொடுத்தேன். குறிப்பில் நாற்பது என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் திருத்திய ஒரே அளவு.

சென்னியப்பன் வாளி தூக்கினார். மாடிக்கும் கீழுக்குமாக, துண்டை ஒரு கையில் பிடித்தபடி. “அடுத்த வருசம் வால்வ நானே மூடிப்போடறேனுங்க” என்றார். எழுதித் தரச் சொன்னேன். “எண்ணெக் கையோட எப்பிடிங்க எழுதறது?” என்றார். முதல்முறையாக அவர் சொன்னதற்குச் சிரித்தேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

சூரியன் எழும்போது, மேகத்துக்குப் பின்னால் எழுந்ததாக நம்பும்போது, எல்லோரும் குளித்திருந்தார்கள். பொன்னாத்தாள் புதுச் சேலையில் திரும்பி வந்து, “கங்கா ஸ்நானம் ஆச்சா?” என்று வழக்கப்படி கேட்டார். நான் கிறிஸ்தவள் என்று நினைவூட்டினேன். “கிறிஸ்துவருக்கு அழுக்குப் படியாதா?” என்றார்.

அண்டாவில் ஒரு வாளி மிச்சம் இருந்தது. அதைத் துணி துவைக்க வைத்திருந்தேன். வாசுகி அதைக் கேட்காமலே என் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

“ஒரு மாசமாப் பச்சத் தண்ணி ஊத்தற சத்தம் கேக்குதுங்கம்மா. ஒவ்வொரு சொம்புக்கும் ஒரு ‘ஏசுவே’யும் கேக்குது.”

குளியலறைச் சுவர் மெல்லியது. கட்டடம் கட்டியவரின் தவறு.

குளித்தேன். நாற்பது டிகிரி. பூசைக்கு மாலையில் போனேன். எரிவாயுவில் ஒரு வாளி என்ன விலை என்பதை அளக்க மறந்துவிட்டது.

நவம்பர் 9, திங்கள்

தீபாவளி லேகியம், ஏழு வீட்டிலிருந்தும். ஏழும் ஏழு ருசி. இருமல் இல்லை.

நவம்பர் 15, ஞாயிறு

கூட்டம். அறிக்கையை வாசித்தேன். சோலார் வாங்கலாம், வாளி இரண்டு இருபது. நிபந்தனைகள்: கீழ்த்தள வெந்நீர்க் குழாய்க்கு மேலே கனமான உறை சுற்ற வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் மாலை வெந்நீர் வால்வு மூடப்படும். நீர் நிரப்புபவர்கள் குளிர்நீரில் நிரப்பலாம், மஞ்சள் குங்குமத்துக்கு அது தடையில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பொன்னாத்தாள் கை தட்டினார்.

கவின்ராஜ் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். எல்லாத் தாளையும் சேர்த்து ஒரே கட்டாக அவனிடம் நான் கொடுத்திருக்கக் கூடாது. மடித்து எங்கோ வைத்த தாள் எங்கே இருந்தது என்பது அப்போது தெரிந்தது.

“மேடம், இங்க தனியா ஒண்ணு போட்டிருக்கீங்களே. ‘பெண், எழுபத்தெட்டு.’ எட்டு வருஷம். வாளி மூணு நாப்பத்தஞ்சு. இது… உங்க கணக்குப்படி உங்களுக்குக் கீசர்தானுங்க லாபம்?”

அவன் கெட்டவன் அல்ல. கணக்கை முதல்முறையாகப் புரிந்துகொண்ட மகிழ்ச்சியில் இருந்தான். சென்னியப்பன் தரையைப் பார்த்தார். வாசுகி என்னைப் பார்த்தாள்; அவள் அப்படிப் பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெனி போன வாரம் அவளோடும் பேசியிருக்கிறான். பொன்மாலை பற்றி அவளுக்குத் தெரியும். ஆக எல்லோருக்கும் தெரியும்.

“சரியாகத்தான் படித்திருக்கிறாய்” என்றேன்.

“அப்ப இறுதித் தாள்ல ஆயுள்ங்கற எடத்துல எது போடட்டுங்க மேடம்? இருபதா, எட்டா?”

அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன்.

“ஹீட்டரின் ஆயுளைப் போடு, தம்பி. என்னுடையதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

கைப்பையைத் திறந்து என் பங்குக்கான காசோலையைச் சென்னியப்பனிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். பொன்னாத்தாள் மருமகளிடம், தாழ்ந்த குரல் என்று தான் நினைத்துக்கொண்ட குரலில், “அப்ப அம்மிணி எங்கியும் போகலையா?” என்று கேட்டார்.

“ரசீது வேண்டும்” என்றேன் சென்னியப்பனிடம்.

நவம்பர் 16, திங்கள்

இன்று தபாலில் சேர்த்ததன் நகல்:

அன்புள்ள பெனி,

கணக்கு முடிந்துவிட்டது. விவரம் இணைத்திருக்கிறேன், பொறுமையாகப் படி, உன் அப்பா போல் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதே.

கட்டடத்துப் புதிய சோலார் ஹீட்டரில் என் பங்கை நேற்றுச் செலுத்திவிட்டேன். அந்தப் பணம் எனக்குத் திரும்பி வர, பன்னிரண்டு வருடம் இந்த வீட்டில் வெந்நீரில் குளித்தாக வேண்டும். அதற்கு முன்னால் இடம் மாறினாலும், வேறு வகையில் போனாலும் எனக்கு நஷ்டம். நான் இதுவரை எதிலும் நஷ்டப்பட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆகவே பொன்மாலைக்காரர்களிடம் தோட்டத்தைப் பார்த்த அறையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். எனக்குத் தொண்ணூறு முடிந்ததும் மறுபடி பேசலாம்.

இரவில் நீ நன்றாகத் தூங்கு. இங்கே ஒரு சொம்பு கீழே விழுந்தால் மூன்று மாடிக்குக் கேட்கிறது.

புதிய ஹீட்டர் டிசம்பர் இருபதுக்குள் வந்துவிடும். என் வீட்டுக் குழாய்க்கு உறை சுற்றுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் எத்தனை பேர் வருகிறீர்கள், எத்தனை நாள் தங்குவீர்கள், அவர்களில் காலையில் குளிப்பவர் யார், மாலையில் குளிப்பவர் யார் என்ற விவரம் வேண்டும். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். தொலைபேசியில் நீ எல்லாவற்றுக்கும் ‘பார்க்கலாம்மா’ என்கிறாய்.

எழுத்தில் பதில் போடவும்.

அம்மா